இரண்டு நகரங்களுக்கு இடையே விமான தூரமும் பயண நேரமும்: சென்னை–சிங்கப்பூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" என்று தேடினால் பத்து இடத்தில் பத்து விடை வரும். ஒன்றில் 2,900 சொச்சம், இன்னொன்றில் 1,800 சொச்சம், மற்றொன்றில் 1,570 சொச்சம். நேரமும் அப்படித்தான்: மூன்றரை, நான்கே கால், ஏழு. இவற்றில் பெரும்பாலானவை தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு எதையோ அளக்கிறது, அவ்வளவுதான்.

முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்குப் பயணம் திட்டமிட்டுத் தரும்போது நான் பார்த்த வரையில், குழப்பம் கணக்கில் வருவதில்லை, வரிசையில்தான் வருகிறது. கடிகாரத்தை முதலில் எடுத்து, தூரத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே விடை கண்டுபிடித்துவிடலாம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பயணத் தேதி, இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடு, எந்த வகை விமானம் என்ற தகவல், சைன், கொசைன் உள்ள ஒரு கால்குலேட்டர். கைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினாலே பல கால்குலேட்டர்களில் சைன், கொசைன் வந்துவிடும்.

தேதி எதற்கு என்று கேட்பார்கள். நேர மண்டலமும் காற்றும் தேதியைப் பொறுத்து மாறும். தேதி இல்லாமல் போட்ட கணக்கு லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ ஒரு மணி நேரம் தவறிப்போகும். விமான வகை டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும்: ஏர்பஸ் ஏ320, போயிங் 787, ஏடிஆர் 72 என்பதுபோல.

2. ஊரை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

விமானம் ஊரிலிருந்து ஊருக்குப் பறப்பதில்லை, ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குப் பறக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இது பெரிய சிக்கல் இல்லை. இங்கே மீனம்பாக்கம் (எம்ஏஏ), அங்கே சாங்கி (எஸ்ஐஎன்). சில ஊர்களில் அப்படி இல்லை. லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா? துபாய் என்றால் பழைய விமான நிலையமா, ஜெபல் அலி பக்கம் உள்ள அல் மக்தூமா? கொழும்பு என்றால் கட்டுநாயக்கவா, இரத்மலானையா? தோக்கியோவின் நரீட்டா, நகரின் நடுவிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல்.

வானத்தில் இந்த வித்தியாசம் சில நிமிடங்கள்தான். தரையில்தான் அது மணிக்கணக்காகும். அதனால் குறியீட்டை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறும்: சான் ஹோசே என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஒன்று, கோஸ்டா ரிக்காவில் ஒன்று.

3. நேர்த் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்கிறோம். பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ, அதுதான். சென்னை–சிங்கப்பூர் நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்ராவின் வடமுனையை ஒட்டிப் போகும்.

எளிய வழி: கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டினால் தூரம் வந்துவிடும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஒரு விமான நிலையத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மற்றதைத் தொட்டாலும் வரும். ஆனால் அதே மேப்ஸில் 'வழி காட்டு' என்று கேட்டுவிடாதீர்கள், அது சாலைத் தூரத்தைத் தேடும். சென்னை–மதுரைக்குச் சாலையில் 460 கிலோமீட்டர் அளவு. வானத்தில் சுமார் 420.

ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பேன். அப்புறம் எந்தத் தளம் தவறான எண்ணைக் காட்டினாலும் கண்ணில் பட்டுவிடும். சூத்திரம் இது (அட்சம் என்பது ஒரு இடத்தின் வடக்கு–தெற்கு அளவு, தீர்க்கம் என்பது கிழக்கு–மேற்கு அளவு; 1, 2 என்பவை இரண்டு விமான நிலையங்கள்):

கொசைன்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரி.
சாங்கி: வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 103.99 டிகிரி.
தீர்க்க வித்தியாசம்: 23.82 டிகிரி.

சைன்களின் பெருக்கல் 0.0053. கொசைன்களின் பெருக்கல் 0.8911. கூட்டினால் 0.8964 சொச்சம். இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் கோணம் 26.3 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். 26.3 × 111.2 = 2,925 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் துல்லியமான கருவிகள் சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

இந்தப் படியில் புதியவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, கால்குலேட்டர் டிகிரிக்குப் பதிலாக ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருப்பது. தொடங்கும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. வேறு ஏதாவது வந்தால் மாற்றிவிட்டுத் தொடருங்கள். எக்செலும் கூகுள் ஷீட்ஸும் எப்போதும் ரேடியனில்தான் எதிர்பார்க்கும், அதனால் அங்கே டிகிரியை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, குறி. தெற்கு அட்சத்துக்கும் மேற்குத் தீர்க்கத்துக்கும் கழித்தல் குறி போட வேண்டும். சிட்னிக்கு –33.9, நியூயார்க்குக்கு –73.8. குறியை விட்டால் சிட்னி ஜப்பானின் அட்சத்துக்கு ஏறிவிடும்.

மூன்றாவது, தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைப்பது. சென்னை–சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அந்த முறையிலும் கிட்டத்தட்ட சரியாகவே வரும், அதனால் முறையே சரி என்று நம்பிவிடுவார்கள். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள், விடை எங்கோ போய்விடும்.

4. அலகைச் சரிபாருங்கள்

மேலே சொன்ன மூன்று எண்கள் நினைவிருக்கிறதா? 2,925 கிலோமீட்டர், 1,817 மைல், 1,579 கடல் மைல் எல்லாம் ஒரே தூரம்தான். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள், தூரத்தை வைத்துப் பரிசுப் புள்ளி தரும் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் சாதாரண மைலில் கணக்கிடும். எந்த எண்ணைக் குறித்துக்கொண்டாலும் பக்கத்தில் அலகை எழுதுங்கள்.

5. நேர்த் தூரத்தைப் பறக்கும் தூரமாக மாற்றுங்கள்

விமானம் நூல் பிடித்ததுபோலப் போகாது. ஓடுபாதை பார்க்கும் திசையில் கிளம்பி, திரும்பி, குறிக்கப்பட்ட வான்வழிகளில் சேர்ந்து, இறங்கும் முன் வரிசையில் நிற்கும். சாதாரண வழித்தடத்துக்கு நேர்த் தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 4 சதவீதம் சேர்த்தால் 3,040 கிலோமீட்டர்.

ஆனால் வான்வெளி மூடியிருந்தால் இந்தச் சதவீதம் செல்லாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ ஒன்பதரை மணி அளவில் இருந்தது பதின்மூன்று மணி ஆனது. தூரம் அதேதான், ஊர் நகரவில்லை, வழி மட்டும் வளைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிறவற்றுக்கும் இதே கதி. பழைய பயணக் குறிப்பை நம்பி இணைப்பு விமானம் போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். மேற்கே போகும் வழி என்றால் இந்தப் படியில் இணைய மதிப்பீட்டை விடுங்கள். கடைசிப் படியில் சொல்லும் உண்மைப் பறப்புகளைப் பாருங்கள்.

6. வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்தைச் சேருங்கள்

ஏ320, போயிங் 737 போன்றவை உயரத்தில் மணிக்கு 830–840 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏ350, போயிங் 787 போன்ற பெரியவை ஏறக்குறைய 900. ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானம் 500 அளவுதான்.

3,040 ÷ 840 = 3.62 மணி. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 3.62 மணி என்பது 3 மணி 62 நிமிடம் இல்லை. 0.62-ஐ 60-ஆல் பெருக்கினால் 37. ஆக 3 மணி 37 நிமிடம். இது சின்னப் பிள்ளைத்தனமான தவறு என்று தோன்றும், ஆனால் நன்றாகப் படித்தவர்களே அவசரத்தில் செய்கிறார்கள்.

இது உயரத்தில் முழு வேகத்தில் போகும் நேரம் மட்டும். விமானம் பின்னால் தள்ளப்படுவது, ஓடுபாதை வரை ஊர்ந்துபோவது, மெதுவாக ஏறுவது, இறங்குவது, நிறுத்துமிடம் சேர்வது எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 முதல் 45 நிமிடம் கூட்டுங்கள். 40 சேர்த்தால் 4 மணி 17 நிமிடம். இந்த வழித்தடத்தின் அட்டவணைகளில் நீங்கள் பார்க்கும் நாலே கால், நாலரை மணி நேரத்தோடு இது ஒத்துப்போகும்.

குறுகிய தூரத்துக்கு இந்தச் சேர்க்கைதான் பாதிக் கணக்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்த் தூரம் 356 கிலோமீட்டர் அளவு. ஏடிஆர் வேகத்தில் வகுத்தால் முக்கால் மணிக்குள் வந்துவிடும். ஆனால் உண்மையில் ஒன்றேகால் மணி ஒதுக்க வேண்டும். தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று நினைப்பவர்கள் உள்ளூர் விமானங்களில்தான் ஏமாறுவார்கள்.

7. காற்றைக் கணக்கில் எடுங்கள்

நடுத்தர அட்சங்களில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அது இன்னும் பலம். அதனால் சென்னையிலிருந்து லண்டன் (நேர்த் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர்) போக ஆகும் நேரத்தைவிட, லண்டனிலிருந்து திரும்பி வர ஆவது பெரும்பாலும் குறைவு. நியூயார்க்–லண்டன் பயணம் சாதாரணமாக ஆறரை, ஏழு மணி. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

இதைவிட நல்ல உதாரணம் ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. 2016 அக்டோபரில் அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு, பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டர் பறந்து, பதினாலரை மணி நேரத்தில் போய்விட்டார்கள். முந்தைய வழி 13,900 கிலோமீட்டர்தான், ஆனால் எதிர்காற்றால் நேரம் அதிகம். அதனால் தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நம் சென்னை–சிங்கப்பூரில் ஒரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நம் முகத்தில் மேற்கிலிருந்து அடிக்கும். ஆனால் அதே மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் ஓடும். தரையில் அடிக்கும் காற்றைப் பார்த்து "சிங்கப்பூர் போகச் சாதகம்" என்று முடிவு செய்தால் தலைகீழாகிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால் தரையளவில் வேகம் 790; 3,040 கிலோமீட்டருக்கு 3 மணி 51 நிமிடம். முன்பு போட்டதைவிட 14 நிமிடம் கூடுதல். இந்த வழிக்கு இதைவிடப் பெரிய கவலை தேவையில்லை.

8. கடிகாரத்தைக் கடைசியில் தொடுங்கள்

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான்: டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் கழிப்பது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு, சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு. இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவராமல் கழிக்கவே கூடாது.

உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 11:15 கிளம்பி சிங்கப்பூரில் காலை 6:15 சேருகிறது என்று வைப்போம். நேராகக் கழித்தால் ஏழு மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6:15 என்றால் இங்கே அதிகாலை 3:45. இப்போது கழியுங்கள்: நாலரை மணி. திரும்பும்போது இரவு 8:00 கிளம்பி 9:45-க்குச் சென்னை. பார்த்தால் ஒன்றே முக்கால் மணி போலத் தெரியும். இரண்டரையைக் கூட்டினால் நாலே கால்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் ஆகிய இடங்களில் ஆண்டு முழுவதும் ஒரே வித்தியாசம். பிரிட்டனில் அப்படி இல்லை, அங்கே கோடைக்கால நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி. மற்ற மாதங்களில் ஐந்தரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். இரண்டு நாடும் ஒரே நாளில் மாறாததால் நடுவில் சில வாரங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான வித்தியாசமே வேறாகிவிடும். முதல் படியில் தேதி கேட்டது இதற்குத்தான்.

நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சின்னதாக இருந்தால் மறுநாள் சேருகிறது என்று பொருள். ஓட்டல் பதிவு அந்த மறுநாளிலிருந்து இருக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானத்துக்குத் தனி எச்சரிக்கை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்றிருந்தால், நீங்கள் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். வயதானவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பணும்" என்று கிழமையோடு தாளில் எழுதிக் கொடுங்கள். எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள்.

9. எந்த நேரத்தைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம்: விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் வருவது பெரும்பாலும் மேலே எழும்பியதிலிருந்து தரை தொட்டது வரை. இரண்டுக்கும் இருபது முப்பது நிமிடம் வித்தியாசம் வருவது சகஜம். கூடவே, தாமதப் பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூட்டியே போடும்.

தேடல் பக்கங்களில் வரும் 'மொத்த நேரம்' நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தது. சென்னை–சிங்கப்பூருக்கு ஒன்பது மணி என்று காட்டினால் வழியில் எங்கோ மாறுகிறீர்கள். 'டைரக்ட்' என்று போட்டிருந்தாலும் பாருங்கள்: ஒரே விமான எண்ணில் நடுவே ஓரிடத்தில் இறங்கி ஏறும் விமானத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. நடுவே எங்கும் நிற்காதது 'நான்ஸ்டாப்'.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை என்றால் கணக்கே வேறு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னால் போய்விடுங்கள், பல நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடும். தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வருபவருக்கும் விழுப்புரத்திலிருந்து வருபவருக்கும் ஒரே கணக்கு ஆகாது. அந்தப் பக்கம் குடியேற்றச் சோதனை, பெட்டி, நகருக்குள் போகும் வண்டி என்று குறைந்தது ஒன்றரை மணி வையுங்கள். சிங்கப்பூருக்கு வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை வீட்டிலேயே முடித்துவிட்டால் அங்கே வரிசையில் நின்று தேட வேண்டியதில்லை. ஆக, நாலே கால் மணிப் பறப்பு, வாசலிலிருந்து வாசலுக்குப் பத்து மணிப் பயணம்.

10. உண்மைப் பறப்போடு ஒப்பிடுங்கள்

ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் இரண்டிலும் விமான எண்ணைக் கொடுத்தால் சமீப நாட்களில் அது எப்போது கிளம்பி எப்போது சேர்ந்தது என்று வரும். ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள். ஒரு நாள் மழை, ஒரு நாள் ஓடுபாதை நெரிசல் என்று மாறும்.

உங்கள் கணக்குக்கும் அதற்கும் கால் மணி வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். தூரம் 1.6 மடங்கு தவறியிருந்தால் மைலையும் கிலோமீட்டரையும் கலந்திருக்கிறீர்கள், 1.85 மடங்கு என்றால் கடல் மைல். நேரம் சரியாக இரண்டரை மணி தவறினால் சிங்கப்பூர்க் கடிகாரத்தை மாற்ற மறந்திருக்கிறீர்கள். ஐந்து மணி தவறினால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டீர்கள். லண்டன் கணக்கில் ஒரு மணி தவறினால் கோடைக்கால நேரம். எல்லாம் சரியாக இருந்தும் மணிக்கணக்கில் இடித்தால் வரைபடத்தில் அந்த விமானம் போன கோட்டைத் திறந்து பாருங்கள். எந்த நாட்டைச் சுற்றிப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.